சைனா கிராஸ் கூம்பில் மைக்ரோவேவை உறிஞ்ச வைப்பது

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் முதலில் 2 செ.மீ. கனத்துக்கு சைனா கிராஸ் (அகர் என்ற கடற்பாசித் தூளைத் தண்ணீரில் காய்ச்சி உறையவைத்தது, பெரும்பகுதி தண்ணீர்தான்) பாளம் வார்த்து, 10 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் பெஞ்சில் அலையை அனுப்பும் ஹார்ன், வாங்கும் ஹார்ன் (புனல் வடிவ ஆண்டெனா) இரண்டுக்கும் நடுவே நிறுத்தினேன். எதிர்ப்பக்க மீட்டரில் முள் அசையவே இல்லை. எல்லாவற்றையும் தண்ணீர் குடித்துவிட்டது என்று மாணவர்கள் கைதட்டினார்கள். அப்புறம் வாங்கும் ஹார்னை அனுப்பும் ஹார்னின் பக்கத்துக்கே கொண்டுவந்து, பாளத்தைப் பார்த்தபடி வைத்தோம். முள் துள்ளி எழுந்தது.

உள்ளே போன அலையைத் தண்ணீர் விடாது. 1 மி.மீ.-ஐக் கொஞ்சம் தாண்டுவதற்குள் அதன் திறன் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆனால் உள்ளே போனால்தானே? தட்டையான நீர்ப்பரப்பு ஏறக்குறைய 60 சதவீதத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். காற்றிலிருந்து தண்ணீருக்கு மாறுவது ஒரே அடியாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் கூம்பு.

20 செ.மீ. சதுரத்தில் ஒரு தெர்மாகோல் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மாகோல் இந்த அலைக்குக் கிட்டத்தட்ட காற்று மாதிரிதான். ஓ.எச்.பி. ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வெட்டி, சுண்டல் பொட்டலம் போலச் சுருட்டி, நுனியையும் ஓரத்தையும் டேப்பால் அடையுங்கள். உயரம் 6 செ.மீ., வாய் 2.5 செ.மீ. அலைநீளம் 3 செ.மீ. என்பதால் கூம்பு அதைவிடக் குட்டையாக இருக்கக் கூடாது. பெட்டியின் அடியில் வரிசைக்கு 7 வீதம் 49 துளைகள். வாயைவிடத் துளை ஒரு நூல் சிறிதாக இருந்தால் கூம்பு இறுகப் பிடித்துக்கொள்ளும். நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். ரப்பர் பசை மட்டும் வேண்டாம், தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

15 கிராம் அகர் தூளை 1 லிட்டர் பச்சைத் தண்ணீரிலேயே கலக்கி, பிறகு கொதிக்க விடுங்கள். கலங்கல் தெளிந்து, கரண்டியில் எடுத்தால் குருணை தெரியாமல் வழிய வேண்டும். 50 டிகிரிக்கு ஆறியதும் ஊற்றுங்கள். 40-க்குக் கீழே போனால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும். கூம்புகள் நிரம்பி, மேலே 1 செ.மீ. படலமாகவும் நிற்கட்டும். காற்றுக்குமிழி நுனியில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கூம்பையும் விரலால் சுண்டிவிடுங்கள். ஜெலட்டினிலும் செய்யலாம்தான், ஆனால் நம் ஊர் மே மாதத்தில் மதியத்துக்குள் உருகிவிடும். அகர் உருக 85 டிகிரி வேண்டும்.

உப்புப் போடலாமா என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். 10 கிகாஹெர்ட்ஸில் நீர் மூலக்கூறுகள் திரும்பித் திரும்பியே ஆற்றலைத் தின்றுவிடும். உப்பால் உறிஞ்சுவது பெரிதாகக் கூடிவிடாது. 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்பவர்கள் போட்டால் நல்ல பலன் உண்டு.

உறைந்ததும் பின்பக்கத்தை பிளாஸ்டிக் தாளால் மூடி, பெட்டியை நிமிர்த்தி, நுனிகள் ஹார்னைப் பார்க்க வையுங்கள். முதலில் அதே இடத்தில் ஓர் அலுமினியத் தகட்டை வைத்துத் திரும்பி வருவதை அளந்துகொள்ளுங்கள். அடுத்துத் தட்டைப் பாளம். கடைசியில் கூம்புப் பெட்டி. மூன்றையும் ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

வேலை முடிந்ததும் ஈரத்துணி சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். காய்ந்து சுருங்கிய கூம்பு பழைய அளவைக் காட்டாது.