அட்டையில் எழுதிய பதில்கள்: யூத மாணவர் தலைமைப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் நலப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். மாணவர் பேரவைக் கூட்டத்துக்கு அரங்கைத் திறந்துவிடுவது, மைக்கைச் சரிபார்ப்பது, பேச வருகிறவர்களின் பெயரைத் தாளில் எழுதி வாங்குவது ஆகியவை என் பொறுப்பு. சாதாரண நாட்களில் அந்தத் தாளில் நான்கு பெயர் சேர்ந்தால் அதிகம். இஸ்ரேலோடு தொடர்புள்ள நிறுவனங்களில் பல்கலைக்கழகம் போட்டிருக்கும் முதலீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்ற தீர்மானம் வரும் இரவில் மட்டும் மூன்று பக்கம் நிரம்பிவிடும். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

அப்படி ஓர் இரவில் யூத மாணவர்கள் ஐந்து பேர் வரிசையாக எழுந்து வந்தார்கள். ஐந்து பேர் கையிலும் அட்டை. ஐந்து பேருக்கும் முதல் வாக்கியம் ஒன்றே. மூன்றாமவர் தொடங்கியபோது பேரவை உறுப்பினர்கள் தலை குனிந்து கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான்காமவர் தொடங்கியபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆறாவதாக ஒரு பெண் வந்தாள். கையில் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் விடுதிச் சமையலறையில், யூதர்களின் வார ஓய்வு நாளான ஷபாத்துக்காக, நாற்பது பேருக்கு ஹல்லா ரொட்டி சுடுவதையும், அந்த அறைக் கதவில் ஒட்டியிருக்கும் ‘ஷபாத் விருந்துக்கு வாருங்கள்’ என்ற தாளை எடுத்துவிடலாமா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருப்பதையும் சொன்னாள். ஒன்றரை நிமிடம்தான் பேசினாள். எல்லாக் கைபேசிகளும் மேசைக்கு இறங்கின.

முதல் ஐந்து பேரும் சோம்பேறிகள் அல்லர். ஒரு வார இறுதி முழுவதையும் பயிற்சி முகாமில் செலவழித்துவிட்டு வந்தவர்கள். கோளாறு முகாமில்தான் இருந்தது.

யூத மாணவர்களைத் தயார்ப்படுத்துவது நூறாண்டு கண்ட வேலை. 1923இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லல் என்ற யூத மாணவர் அமைப்பு தொடங்கியது. இன்று அமெரிக்காவிலும் வெளியிலும் நூற்றுக்கணக்கான வளாகங்களில் இருக்கிறது. 1969இல் லாஸ் ஏஞ்சலீஸ் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஹபாத் என்ற யூத சமய இயக்கத்தின் முதல் மாணவர் இல்லம் வந்தது. 2001, 2002 வாக்கில் இஸ்ரேலுக்காக வளாகத்தில் வாதாடக் கற்றுத்தரும் அமைப்புகள் பல ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. அவற்றில் சில ‘ஹஸ்பரா’ என்ற எபிரேயச் சொல்லை வெளிப்படையாகவே பயன்படுத்தின. விளக்கிச் சொல்லுதல் என்று பொருள். முதல் தவறு இந்தச் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. எதிரில் இருப்பவருக்குத் தெரியவில்லை, நாம் விளக்கிவிட்டால் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை அது. எதிரில் நிற்கும் பாலஸ்தீன மாணவிக்கு விளக்கம் எதுவும் குறையவில்லை. அவளுக்கு உறவினர் இருக்கிறார்கள், துக்கம் இருக்கிறது. அவளிடம் அட்டையை வாசிப்பது பேச்சாகாது.

கேள்வி இது, பதில் இது என்று கிளிப்பிள்ளை போலச் சொல்லவைப்பதில் பயிற்சியாளருக்கு ஒரு வசதி உண்டு. ஞாயிறு மாலைக்குள் பாடம் முடிந்துவிடும், பணம் கொடுத்தவர்களிடம் கணக்குக் காட்டலாம். ஆனால் இதற்கு நேர் எதிரான முறை யூத மரபிலேயே இருக்கிறது. யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் எருவின் பகுதியில் வரும் செய்தி: பழங்கால அறிஞர்கள் ஹில்லலின் பள்ளியும் (மாணவர் அமைப்பின் பெயர் இவருடையதுதான்) ஷம்மாயின் பள்ளியும் மூன்று ஆண்டுகள் விடாமல் வாதாடின. முடிவில் வானிலிருந்து ஒரு குரல், இரண்டுமே உயிருள்ள கடவுளின் சொற்கள்தாம், ஆனால் நடைமுறை ஹில்லல் பள்ளி சொன்னபடியே இருக்கட்டும் என்றது. அவர்களுக்கு ஏன் அந்தத் தகுதி? அவர்கள் பணிவானவர்கள், தங்கள் கருத்தோடு எதிர்த்தரப்பின் கருத்தையும் படித்தார்கள், அதற்கும் மேலாக, எதிர்த்தரப்பின் சொல்லை முதலில் சொல்லிவிட்டுத் தங்கள் சொல்லைப் பிறகு சொன்னார்கள்.

நான் பயிற்சியாளராக இருந்தால் முதல் நாள் காலையில் இதைத்தான் செய்யவைப்பேன். எதிர்த்தரப்பு வாதத்தை, அவர்களே கேட்டு “ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்படி மூன்று நிமிடம் சொல்லிக்காட்ட வேண்டும். கேலி கூடாது, குரலை மாற்றக் கூடாது. பெரும்பாலானவர்களால் முடியாது. முடியாது என்று தெரிந்துகொள்வதே அன்றைய பாடம்.

அடுத்த தவறு, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நினைப்பது. யூத மாணவர்கள் எல்லாரும் ஒரே பானையில் வெந்தவர்கள் என்று பேராசிரியர்கள் நினைப்பார்கள், பேரவைத் தலைவர் நினைப்பார். வேடிக்கை என்னவென்றால் பயிற்சி தருகிறவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். பியூ ஆய்வு மையம் 2020இல் எடுத்த கணக்கில், 65 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்க யூதர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இஸ்ரேலோடு உணர்வுப் பிணைப்பு உண்டு என்றார்கள். 30 வயதுக்குக் கீழே அது 48 சதவீதம். அதாவது பயிற்சி அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், மேடையில் நிற்பவர் அடித்தளமாக எடுத்துக்கொண்ட இடத்தில் நிற்கவே இல்லை. 2013 டிசம்பரில் ஸ்வார்த்மோர் கல்லூரியின் ஹில்லல் மாணவர்கள், இஸ்ரேல் குறித்து யாரைப் பேச அழைக்கலாம் என்பதில் தலைமையகத்தின் விதிகளை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். 2015இல் ஹில்லல் என்ற பெயரையே விட்டுவிட்டார்கள். 2024 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகப் புல்வெளியில் பாலஸ்தீன ஆதரவுக் கூடாரங்கள் இருந்தபோது, அவற்றுக்கு நடுவிலேயே சில யூத மாணவர்கள் பாஸ்கா விருந்து நடத்தினார்கள். அதே வளாகத்தில் வேறு யூத மாணவர்கள் அந்தக் கூடாரங்களைக் கடந்து போகவே அஞ்சினார்கள். இரண்டும் உண்மை. இரு தரப்பும் ஒரே ஷபாத் மேசையில் உட்கார வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வது என்று எந்த அட்டையிலும் எழுதியிருக்காது.

தீர்மானம் வரும்போது மட்டும் விழித்துக்கொள்வது மூன்றாவது தவறு. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுகிற கதை. வளாகத்தில் யூத மாணவர்கள் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பகுதி இஸ்ரேல் பற்றியதே அல்ல. யோம் கிப்பூர் என்ற பெரிய நோன்பு நாளன்று வேதியியல் தேர்வு வைத்துவிடுவார்கள். எபிரேய நாட்காட்டி சந்திரனை ஒட்டியது என்பதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் மாறும் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். 2026இல் அது செப்டம்பர் 21, திங்கட்கிழமை. முந்தின நாள் சூரியன் மறையும்போதே நோன்பு தொடங்கிவிடும். மே மாதத்திலேயே ஒரு பக்கக் கடிதத்தைப் பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை முடிந்தது. செப்டம்பரில் கண்ணீரோடு போனால் பேராசிரியர் “பாடத்திட்டம் அச்சாகிவிட்டதே” என்பார். முஸ்லிம் மாணவர்களும் ஈகைப் பெருநாளுக்கு இதே கடிதத்தோடு இதே கதவைத் தட்டுகிறார்கள். இருவரும் சேர்ந்து வந்த ஓர் ஆண்டில் எங்கள் அலுவலகம் ஒரு வாரத்தில் விதியை மாற்றியது. சேர்ந்து வந்தவர்கள் நவம்பரில் மைக் முன்னால் எதிரெதிராக நின்றபோதும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இந்தக் கதவு தட்டும் வேலைக்கு ஒரு முன்னோடி உண்டு. சோவியத் நாட்டில் ஒடுக்கப்பட்ட யூதர்களுக்காக 1964இல் நியூயார்க்கில் மாணவர் போராட்டம் தொடங்கியது. அதற்கு வித்திட்ட ஜேக்கப் பிர்ன்பாம், யெஷிவா பல்கலைக்கழக விடுதியில் அறை அறையாகக் கதவைத் தட்டித்தான் ஆள் சேர்த்தார். ஏப்ரல் கடைசியில் கொலம்பியாவில் கூட்டம். நான்கே நாளில், மே 1 அன்று, ஐநா சபைக்கான சோவியத் தூதுக்குழு அலுவலகத்தின் எதிரே ஆயிரம் மாணவர்கள் நின்றார்கள். நான்கு நாளில் நடந்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முன் தட்டிய கதவுகளை யாரும் எண்ணுவதில்லை.

சட்டமும் நடைமுறையும் தெரியாமல் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘டைட்டில் சிக்ஸ்’ என்று வளாகத்தில் எல்லாரும் சொல்வார்கள். 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு. அதில் இனம், நிறம், தேசப் பூர்வீகம் என்றுதான் இருக்கிறது, மதம் இல்லை. ஒரே வம்சாவளியைச் சேர்ந்தவர்கள் என்ற அடிப்படையில் யூத மாணவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று கல்வித் துறை 2004இல் விளக்கியது. சீக்கியர்களுக்கும் அதே விளக்கம் பொருந்தும். புகார் எழுதும் மாணவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தன்னைப் புண்படுத்திய பேச்சு வேறு, தன்னைக் குறிவைத்துப் படிக்கவிடாமல் செய்யும் துன்புறுத்தல் வேறு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் முன்னதைப் பேச்சுரிமை காக்கிறது, பின்னதைக் காக்காது. இரண்டையும் ஒரே புகாரில் குழைத்துக் கொடுத்தால் இரண்டுமே வலுவிழக்கலாம். நாள், நேரம், இடம், கூட இருந்தவர் யார் என்று அன்றே எழுதி வைத்த அரைப் பக்கம், பத்துப் பக்க ஆவேசத்தைவிடக் கனமானது.

நடைமுறை அறிவு என்ன செய்யும் என்பதற்கு 2015 பிப்ரவரியில் யூசிஎல்ஏவில் நடந்ததைப் பார்க்கலாம். மாணவர் நீதிக் குழுவுக்கு முன்மொழியப்பட்ட மாணவியிடம், யூத சமூகத்தில் தீவிரமாக இயங்கும் நீங்கள் எப்படிப் பாரபட்சமில்லாமல் இருப்பீர்கள் என்று பேரவை உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்த மாணவியை வெளியே அனுப்பிவிட்டு நீண்ட நேரம் விவாதித்தார்கள். முதலில் பேரவை இரண்டாகப் பிரிந்தது. ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் என்பது நலன் முரண் ஆகாது என்று ஆலோசகர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு, மறுபடி வாக்கெடுத்து ஒருமனதாக ஏற்றார்கள். விதி தெரிந்த ஒரே குரல் அறையைத் திருப்பியது. இதைச் சொல்லத் தெரிந்த இரண்டு பேர் ஒவ்வொரு பேரவைக் கூட்டத்திலும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், தீர்மானம் இல்லாத சலிப்பான வாரங்களிலும்.

வெளி அமைப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. பணமும் பேருந்தும் பேச்சாளரும் தருவார்கள். கூடவே காணொளி எடுப்பார்கள். இரவு பத்து மணிக்கு அழுதுகொண்டே பேசிய பத்தொன்பது வயதுப் பையனின் முகம் காலையில் நாடு முழுவதும் ஓடும். அவர்கள் அடுத்த வளாகத்துக்குப் போய்விடுவார்கள், பையன் அதே உணவுக் கூடத்தில் தட்டோடு நிற்பான். படம் எடுக்கலாமா என்பதை மாணவர்தாம் முடிவு செய்ய வேண்டும், அதுவும் முன்கூட்டியே.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டுவது. மோசே காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்றார். பத்துப் பேருக்கு, ஐம்பது பேருக்கு, நூறு பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார். யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரம். மோசேக்காவது நாற்பது ஆண்டு இருந்தது. கல்லூரி மாணவருக்கு நான்கு ஆண்டு. அதில் முதலாண்டு வழி தெரியாமல் போகும், கடைசி ஆண்டு வேலை தேடுவதில் போகும்.

ஹல்லா சுட்ட அந்தப் பெண் பட்டம் வாங்கிய வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரோடு. அவர்கள் கையில் மாவுக் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. புரட்டிக் காட்டினாள். உணவுக் கூட மேலாளரைக் காலை பதினொரு மணிக்கு முன்பு பார்க்க வேண்டும். தேர்வுத் தேதிக் கடிதம் மே முதல் வாரம். முஸ்லிம் மாணவர் சங்கச் செயலாளருக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம். விடுதிச் சமையலறையில் இடப்பக்கத்து அடுப்பு சூடேறாது, வலப்பக்கத்ததைப் பயன்படுத்தவும்.