பவளப்பாறைக்கு முதல்முறை ஸ்கூபா போகிறீர்களா?

பயிற்சியாளர் கூடவே வரும் முதல் டைவுக்கு, 12 மீட்டருக்குமேல் ஆழம் போகாத பாறையும் அலை அதிகமில்லாத நாளும் சரியாக இருக்கும். சளி பிடித்திருந்தால் மட்டும் போகவே வேண்டாம், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை. காரணம் காது, சளி இருந்தால் அது அடைத்துக்கொள்ளும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, அதிலும் முதல் சில மீட்டர்களில்தான் காதுக்குள் இருக்கும் காற்று வேகமாகச் சுருங்கும், அதனால் தலை தண்ணீருக்குள் போனதுமே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதத் தொடங்குங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைத்துக்கொண்டால் முக்கி ஊதக் கூடாது. ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள்.

அப்புறம் மூச்சு. எந்த நேரத்திலும் அடக்காதீர்கள். 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், வெளியே விடாவிட்டால் நுரையீரல் கிழிந்துவிடும். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் நழுவினாலும் சின்னச் சின்னக் குமிழாக விட்டுக்கொண்டே இருங்கள்.

மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால்தான் பலரும் பதறுகிறார்கள், நானும் முதல்நாள் பதறினேன். மேல்விளிம்பை அழுத்திப் பிடித்து, அண்ணாந்து பார்த்து, மூக்கால் ஊதினால் போய்விடும். இடுப்பளவு தண்ணீரிலேயே பத்துத் தடவை செய்து பாருங்கள். பனி படியாமலிருக்க உள்ளே எச்சில் தடவிக் கழுவினால் போதும், சிரிக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

கட்டைவிரலைத் தூக்கினால் 'சூப்பர்' இல்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுங்கள்.

பாறையைத் தொடாதீர்கள், அதன்மேல் நிற்காதீர்கள். பார்க்கக் கல்போல இருந்தாலும் அது உயிருள்ளது, போதாததற்குக் கல்மீன் மாதிரி முள்ளில் விஷம் உள்ளவையும் அங்கே கல்லோடு கல்லாகக் கிடக்கும். தண்ணீருக்குள் எல்லாம் கொஞ்சம் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும், அதனால் எட்டும் என்று நினைத்த மீன் எட்டாது.

சிலிண்டரில் காற்றின் அழுத்தம் 100 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) இறங்கியதும் பயிற்சியாளரிடம் காட்டுங்கள், 50 பார் மிச்சமிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்குமேல் ஏறாமல், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வாருங்கள். ஒரே ஒரு டைவ் என்றாலும் அடுத்த 12 மணி நேரத்துக்கு விமானம் வேண்டாம்.

மேலே வந்தவுடன், மிதப்பதற்காகப் போட்டிருக்கும் ஜாக்கெட்டில் காற்றை நிரப்புங்கள், அதுவரை ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காதீர்கள். முடிந்துவிட்டது என்று நான் அவசரமாக எடுத்த நாளில் ஒரு வாய் உப்புத்தண்ணீர் குடித்தேன்.