படம் பார்க்கும் இரவுக்கு கேக் செய்கிறீர்களா? கொழும்பு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு அடுப்படியில் நடப்பதில்லை, போனில் நடக்கிறது. படத்துக்குப் பொருத்தமான கேக் என்று தேடினால் மூன்று தட்டுக் கோட்டை, ஃபொண்டன்ட் என்ற சீனி மாவில் செய்த கதாநாயகன், கண்ணாடிபோல் மின்னும் மேற்பூச்சு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் பாதி குளிர்நாட்டுச் சமையலறையில் செய்தவை. நம்முடையதோ வெள்ளவத்தையில் யன்னலைத் திறந்தால் கடற்காற்று உள்ளே வரும் சமையலறை. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. படம் தொடங்கியதும் லைட்டை அணைத்துவிடுவீர்கள். மாலை முழுக்க இருந்து செதுக்கிய கண்ணும் மூக்கும் அந்த இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது?

அதனால் படத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். ஒரு நிறம், ஒரு வடிவம், அல்லது ஒரு சுவை. விண்வெளிக் கதையா? கறுப்பான சொக்லேட் கேக்கின் மேல் வெள்ளி நிறத் தூவல் போதும். பிள்ளைகள் மிச்சத்தைத் தாங்களே கற்பனை செய்துகொள்வார்கள்.

இனி பட்டர். வெளிநாட்டுச் செய்முறைகளில் ‘பட்டர் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்’ என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் சொல்லும் அறை 20 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். கொழும்பில் பகலில் சமையலறை சர்வசாதாரணமாக 30 பாகையைத் தொடும். பட்டர் 32 பாகையைத் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும். ஒரு மணித்தியாலம் வெளியே வைத்த பட்டரைச் சீனியோடு எவ்வளவு அடித்தாலும் காற்றுப் பிடிக்காது. எண்ணெய் பிரிந்து, கேக் அடியில் களிமாதிரி நிற்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. அதுதான் பதம். பட்டர் ஐசிங் அடிக்கும்போது இளகிவிட்டால் இன்னும் ஐசிங் சீனியைக் கொட்டாதீர்கள், தித்திப்புத்தான் கூடும். பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி அடியுங்கள், சரியாகிவிடும். உப்புப் போட்ட பட்டர் கேக்குக்குப் பரவாயில்லை, ஐசிங்குக்கு உப்பில்லாததைத் தேடி வாங்குங்கள்.

கிறீம் வாங்கும்போதும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கொழுப்பு 35 சதவீதம் அளவில் இருந்தால்தான் அடித்தால் நிற்கும். கறிக்கும் பாஸ்தாவுக்கும் ஊற்றும் குக்கிங் கிறீமை விடிய விடிய அடித்தாலும் அது பாலாகவே இருக்கும்.

பேய்ப்படம் என்றதும் எல்லாருக்கும் மெரிங் பேய் செய்யும் ஆசை வரும். முட்டை வெள்ளையும் சீனியும்தானே, வெள்ளை வெளேரென்று அழகாக நிற்கும். ஆனால் சீனி ஈரத்தை இழுக்கும், கொழும்புக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. மாலை நாலு மணிக்குச் செய்து மேசையில் வைத்த பேய், எட்டு மணிக்குப் பிசுபிசுத்துக் குனிந்துவிடும். செய்தே தீருவேன் என்றால், 100 பாகையில் ஒன்றரை மணித்தியாலமாவது காயவிட்டு, ஓவன் முழுதாக ஆறும்வரை உள்ளேயே வைத்து, உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். பரிமாறும் நிமிடத்தில்தான் கேக்கின் மேல் ஏற வேண்டும். கரமல் பொப்கோர்னுக்கும் இதே விதிதான். ஃபொண்டன்ட் பொம்மையை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் வெளிக்காற்றுப் பட்டதும் வேர்த்து, நிறம் வழியும்.

கடல், மீன், கப்பல் வரும் படமென்றால் நீல நிற ஜெலி செய்யப் பலர் ஜெலற்றின் வாங்குகிறார்கள். அது நம் வெப்பத்தில் மேசையில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே தளர்ந்துவிடும். சமைக்காத அன்னாசி போட்டால் உறையவே உறையாது, அதிலுள்ள நொதியம் ஜெலற்றினைச் சிதைத்துவிடும். கடற்பாசி (அகர் அகர்) இருக்கும்போது ஏன் இந்தப் பாடு? கடற்பாசி சுமார் 35 பாகையிலேயே, ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும். உறைந்தபின் மறுபடி உருக 85 பாகை வேண்டும். அன்னாசி நொதியமும் அதை ஒன்றும் செய்யாது. தூளாக வாங்கினால் ஒரு லீற்றருக்கு 8 முதல் 10 கிராம். முழுதாகக் கரையும்வரை சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். இதில் அவசரப்பட்டால் அடியில் மணல்போலத் தங்கும்.

கடற்பாசிக்கு இன்னொரு வசதி, அது சைவம். வெள்ளிக்கிழமை இரவில் படம் போடும் வீடுகளில் இது கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வரும். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று அம்மம்மா கேட்கும்போது கேக் ஏற்கெனவே ஓவனுக்குள் இருக்கும். நாளைப் பார்த்துவிட்டுச் செய்முறையைத் தெரிவு செய்யுங்கள். இரண்டு முட்டை போகும் சிறிய கேக்கென்றால் ஒரு முட்டைக்கு 60 கிராம் தயிர் வீதம் சேர்க்கலாம். சட்டித் தயிர் கெட்டியாக இருக்கும், கொஞ்சம் பால் விட்டு இளக்கிக்கொள்ளுங்கள். அப்பச்சோடா கால் தேக்கரண்டி சேர்த்தால் தயிரின் புளிப்போடு சேர்ந்து பொங்கும். நாலைந்து முட்டை போகும் ஸ்பொஞ்சுக்கு இந்த வேலை சரிவராது.

அளவுகளில் வரும் குழப்பம் தனி. 350 என்று இருந்தால் அது பாரன்ஹீட், நம் ஓவனில் 175 முதல் 180 பாகை. அமெரிக்கக் கப் 240 மில்லிலீற்றர், வீட்டுத் தேநீர்க் கோப்பை அல்ல. ‘ஒரு ஸ்டிக் பட்டர்’ என்றால் 113 கிராம். தராசு ஒன்று வாங்கிவிட்டால் பாதித் தலையிடி போய்விடும். மேசை ஓவனில் மேல் கம்பி கேக்குக்கு மிகக் கிட்ட இருப்பதால் மேலே கருகி உள்ளே மாவாக இருப்பது வழமை. கீழ்த் தட்டில் வைத்து, மேற்பரப்பு இறுகியதும் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். கேக்கை முதல் நாளே சுட்டுவிட்டால், படத்தன்று கரண்ட் போனாலும் கவலையில்லை.

நிறத்தில் கை நீளக் கூடாது. சிவப்பும் கறுப்பும் கலந்த உடனே மங்கலாகத்தான் தெரியும், சில மணித்தியாலம் போனால் தானே கருக்கும். பொறுமையில்லாமல் போத்தலைக் கவிழ்த்தால் கசக்கும், பிள்ளைகளின் பல்லும் சோபா உறையும் கறுத்துவிடும். கறுப்பு வேண்டுமென்றால் சொக்லேட் ஐசிங்கில் தொடங்கி, ஜெல் நிறம் கொஞ்சமாகச் சேர்த்து இரவு முழுக்க வையுங்கள்.

பரிமாறுவதில் பெரும்பாலானவர்கள் செய்வது, படம் ஓடும்போது கத்தியும் தட்டுமாக வந்து நிற்பது. தமிழ்ப் படமென்றால் இடைவேளை தயாராக இருக்கிறது, அப்போது லைட்டைப் போட்டுக் கொடுங்கள். கேக்கின் அழகையும் அப்போதுதான் எல்லாரும் பார்ப்பார்கள். ஆங்கிலப் படத்துக்கு நீங்களே பாதியில் ஓர் இடத்தைக் குறித்துவைக்க வேண்டும். ஒரு கையால் எடுத்துச் சாப்பிடக்கூடிய கடதாசிக் கப் கேக்குகளே உத்தமம். உருண்டைத் தூவல்களைத் தவிருங்கள், சோபா இடுக்கில் போனது ஞாயிற்றுக்கிழமை எறும்பு வந்த பிறகுதான் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் கஜு, நிலக்கடலை ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே தாய்மாரிடம் கேளுங்கள், இருட்டில் எதைக் கடிக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாது.

படம் முடியும்வரை மிச்சக் கேக்கை மேசையில் வைக்க வேண்டியிருந்தால், எறும்பு ஏறாமலிருக்க அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் கேக் தட்டை வையுங்கள். கிறீம் பூசியதென்றால் அதுவும் வேண்டாம், நேரே ஃபிரிட்ஜுக்குத்தான்.