ஸ்பிதிப் பயணம்: திட்டமிடும்போதே நேரும் தவறுகள்

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குக் கிளம்புவோர் பலர், மணாலியிலிருந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தானே என்று சமவெளிக் கணக்குப் போட்டு, காலை உணவை நிதானமாக முடித்துக்கொண்டு புறப்படுகிறார்கள். வழியிலுள்ள சத்ரு, பாதல் பகுதிகளில் சாலையின் குறுக்கே பாயும் ஓடைகள் பனி உருகிப் பெருகுபவை என்பதால், விடியற்காலையில் கணுக்கால் அளவே ஓடும் தண்ணீர், வெயில் ஏறிய பிற்பகலில் பைக்கின் சைலன்சரை மூழ்கடிக்கும் அளவுக்கு உயர்ந்துவிடலாம். இருட்டோடு கிளம்பி, நண்பகலுக்குள் அப்பகுதியைக் கடந்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, முதல் இரவே சந்திரதால் ஏரிக்கு அருகிலுள்ள முகாமில் தங்குவது. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்திலும், ஏரி 4,200 மீட்டருக்கு மேலும் உள்ளன. 3,000 மீட்டரைத் தாண்டியபின் உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதே மலை மருத்துவம் சொல்லும் பொதுவிதி. ஆகவே நாள்கள் கூடினாலும் சிம்லா, கல்பா, தாபோ வழியாகப் படிப்படியாக ஏறி, குன்சும் கணவாய் வழியே மணாலிக்கு இறங்குவதே என் பரிந்துரை. உயர நோயின் அறிகுறிகளான தலைவலியும் குமட்டலும் வந்தால் அலுப்பு என்று தள்ளிவிடுவதும், தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்துக்கொள்வதும் ஆபத்தானவை. தொந்தரவு கூடினால் தாமதிக்காமல் கீழே இறங்க வேண்டும். உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

காசாவிலிருந்து திரும்பும் மறுநாளே சண்டிகரில் விமானம் ஏறும்படி டிக்கெட் எடுப்பதும் வழக்கமாக நடக்கிறது. 2023 ஜூலையில், நடுக் கோடையில், பனிப்பொழிவால் சாலை அடைபட்டுச் சுற்றுலாப் பயணிகள் சுமார் 300 பேர் சந்திரதாலில் நாள்கணக்கில் சிக்கியிருந்து மீட்கப்பட்டார்கள். குறைந்தது இரண்டு நாள்களையாவது எந்த ஏற்பாடும் இன்றிக் காலியாக விட்டுவைக்க வேண்டும்.

மணாலி வழியாகச் செல்வதானால் பெட்ரோலை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஏடிஎம்மை நம்பாமல் ரொக்கம் வைத்திருங்கள். கைபேசிச் சிக்னல் இல்லாத இடமாயிற்றே என்று வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் செயற்கைக்கோள் தொலைபேசியை எடுத்துவர முன்வந்தால் மறுத்துவிடுங்கள்: இந்தியாவில் உரிய அனுமதியின்றி அதை வைத்திருப்பது சட்டவிரோதம், விமான நிலையத்திலேயே கைதாக நேரிடலாம். அதற்குப் பதிலாக, எந்த இரவு எங்கே தங்குகிறீர்கள் என்ற பட்டியலை வீட்டிலும், அடுத்து தங்கப்போகும் விடுதியிலும் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லலாம்.