இலை முடிச்சுச் சிலந்திப்பேன்: மருந்தைவிட நேரம் முக்கியம்

புங்கமரத்தின் இலையெல்லாம் பருப்போன்ற முடிச்சுகளாக வெடித்திருந்தாலும் உடனே மருந்தைத் தேட வேண்டாம். வளர்ந்த மரத்துக்கு அது பெரும்பாலும் அழகுக்குறைதான். சிரமப்படுவது கன்றுகளே.

முதலில் எதிரி யாரென்று பாருங்கள். இளம்பச்சையான ஒரு முடிச்சைப் பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். காய்ந்து கருத்ததை வெட்டினால் உள்ளே காலியாக இருக்கக்கூடும். புழு நெளிந்தால் அது ஈயோ குளவியோ செய்த வேலை. ஒன்றும் தெரியாவிட்டால் 20 மடங்கு லென்ஸை வையுங்கள். சுமார் 0.2 மி.மீ. நீளத்தில், கேரட் போல ஒரு முனை கூம்பிய வெளிறிய உடல்கள் ஊர்ந்தால் அது ஈரியோபைட் என்ற, சிலந்தி வகையைச் சேர்ந்த மிகச் சிறிய பேன்தான். முன்பக்கம் நான்கே கால்கள் இருக்கும். லிச்சி இலையின் அடியில் பழுப்பு ரோமம் அடர்வதும் இதே குடும்பத்தால்தான். அதைப் பூஞ்சை என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம்.

முடிச்சு என்பது மரத்தின் சதையே. பேன் குத்திய இளந்திசு அளவுமீறி வளர்ந்து, அதையே உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது. ஆகவே தெளிக்கும் மருந்து உள்ளே போகாது; எழுந்த முடிச்சு அமுங்கவும் செய்யாது. முற்றிய இலையில் புது முடிச்சு எழாது. மொட்டு உப்புவதிலிருந்து தளிர் பாதி விரியும் வரைதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

தளிர் வருவதற்கு முன்பே, முடிச்சு மண்டிய கிளைநுனிகளை வெட்டிப் பையில் கட்டி அகற்றுங்கள். மரத்தடியில் போட்டால், இலை காயக் காயப் பேன்கள் வெளியேறிக் காற்றில் பரவும்.

மொட்டு உப்பியதும் 80 சதவீத நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளிக்கலாம்; பொட்டலத்தில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தூளை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்துவிட்டுக் கரைத்தால் நாசில் அடைக்காது. இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். 10 முதல் 14 நாள் கழித்து இன்னொரு முறை போதும். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். எண்ணெய் மருந்து அடித்திருந்தால் மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். சில மரங்களுக்குக் கந்தகமே ஆகாது. ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து சிலந்திப்பேனுக்குக் கேட்காது. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் இன்னும் மோசம்: சிலந்திப்பேனைத் தின்னும் இரைவிழுங்கிப் பேன்களைத்தான் முதலில் கொல்லும். யூரியாவை அள்ளிப் போட்டால் தளிர் ஓயாமல் வரும், முடிச்சும் கூடவே வரும்.

நாற்றங்காலில் முடிச்சுள்ள தாய்மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுக்காதீர்கள்; மொட்டுச் செதிலுக்குள் ஒளிந்தே பேன் அடுத்த தோட்டத்துக்குப் போகும்.