சிரஸ்தார் நாற்காலியில் புதிதாக உட்காருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாறுதல், பதவி உயர்வு உத்தரவுகள் வந்து, கோர்ட் அலுவலகங்களில் புது முகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. முன்சீப், மாஜிஸ்திரேட் கோர்ட் என்றால் தலைமை எழுத்தர்; சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்றால் சிரஸ்தார். பெயர் எதுவானாலும் அலுவலகத்துக்குப் பொறுப்பு அவர்தான். நேற்று வரை நீதிபதிக்கு முன்னால் உட்கார்ந்து வழக்குக் கட்டுகளைக் கையாளும் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர் இன்று ஒரு அலுவலகத்தையே நடத்த வேண்டும். இவர்கள் செய்யும் தவறுகளில் புதிது எதுவும் இல்லை. என் தலைமுறை செய்ததையே வரி மாறாமல் செய்கிறார்கள்.

நேரத்துக்கு வருவது, வழக்குக்கு வரும் கட்சிக்காரரிடம் கை நீட்டாமல் இருப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவருக்கு இந்தக் கட்டுரையால் ஒரு பயனும் இல்லை.

எதற்கெடுத்தாலும் "ஐயா சொன்னாங்க"

ஒரு வேலையைச் செய்யச் சொல்ல நீதிபதியின் பெயரை இழுக்காதீர்கள். ஊழியர் ஒருநாள் நேராகச் சேம்பருக்குப் போய்க் கேட்டுவிடுவார். அப்புறம் உங்கள் வார்த்தைக்கு மதிப்பு இருக்காது.

பார்க்காமல் பொறுப்பு வாங்குவது, வாங்கச் சொல்வது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

கிரிமினல் கோர்ட்டில் சொத்து அறை ஒன்று இருக்கும். திருட்டு நகை, கைப்பற்றிய பணம், செல்போன், ரத்தக்கறை பட்ட சட்டை, அரிவாள், சாராயக் கேன் என்று வழக்குச் சொத்துகள் எல்லாம் அங்கேதான் சேரும். ஒவ்வொன்றுக்கும் சொத்துப் பதிவேட்டில் ஒரு எண். அந்தப் பிரிவைப் பார்ப்பவர் மாறும்போது, நிலுவையில் உள்ளதைப் பட்டியல் போட்டு, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும். பட்டியலின் கடைசி வரி: "மேற்கண்டவற்றைச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்."

நடப்பது வேறு. போகிறவர் மறுநாள் இன்னொரு ஊரில் சேர வேண்டும். வருகிறவர் வயதில் சின்னவர். பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். அறைக்குள் தலையை நீட்டினாலே தும்மல் வரும். அப்போது தலைமை எழுத்தர் சொல்வார்: "கையெழுத்தப் போட்டுடு தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்." யாரும் பார்ப்பதில்லை.

ஒரு தாலுகா ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். செயின் பறிப்பு வழக்கு. தண்டனை, அப்பீல் எல்லாம் முடிந்து, நகையைப் பறிகொடுத்த அம்மாவிடமே திருப்பிக் கொடுக்க உத்தரவு. அந்த அம்மாவும் வந்துவிட்டார். இரும்புப் பெட்டியில் பொட்டலம் இருந்தது, எண் சரியாக இருந்தது, ஆனால் அரக்கு முத்திரை உடைந்து நூல் தொங்கியது. பிரித்தால் செயின் இருக்கிறது, அதில் கோத்திருந்த டாலர் இல்லை. யார் காலத்தில் போனது? ஐந்து பேர் கை மாறிய அறை. ஐந்து பட்டியலிலும் அதே கடைசி வரி. முதல் ஆள் இறந்துவிட்டார். இன்னொருவர் ஓய்வுபெறும் நேரம், அவருடைய பலன்கள் நின்றுபோயின. கடைசியாகக் கையெழுத்துப் போட்ட பையன் வேலைக்குச் சேர்ந்தே அதிக காலம் ஆகவில்லை. கடும் தண்டனை வரை போகக்கூடிய 17(பி) குற்றச்சாட்டு மெமோ முதலில் அவனுக்குத்தான் வந்தது. அவன் ஒரு குண்டுமணி எடுக்கவில்லை என்று அலுவலகம் முழுக்கத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, சரிபார்த்ததாக அவன் கையெழுத்து இருக்கிறதே. போடச் சொன்ன தலைமை எழுத்தரைக் கேட்டபோது, "சரிபார்க்க வேண்டாம்னு நான் சொல்லலையே" என்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் அந்தப் பதிலில்தான்.

எனவே அலுவலகத் தலைவராக நீங்கள் செய்ய வேண்டியது இது. மாறுதல் உத்தரவு வந்த அன்றே மாஜிஸ்திரேட்டிடம் குறிப்பு வைத்து, சொத்து அறையை ஒப்படைக்க நாள் கேட்டு வாங்குங்கள். ஒப்படைப்பு முடியாமல் போகிறவரை ரிலீவ் செய்யாதீர்கள். "என் மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். அவருக்கும் இதுதான் பாதுகாப்பு.

முதலில் இரும்புப் பெட்டி: பணம், நகை. மற்றவை அப்புறம். முத்திரை முழுதாக இருந்தால் உடைக்காதீர்கள், முழுதாக இருந்தது என்று பொட்டல எண்ணோடு எழுதுங்கள். உடைந்திருந்தால் அப்படியே மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோய், அவர் பார்வையில் எடை போட்டு, மறுபடி முத்திரையிடுங்கள். இன்னொன்று, பதிவேட்டைப் பார்த்து அலமாரியில் தேடுவது பாதி வேலைதான். அதில் காணாமல் போனது தெரியும். பதிவேட்டில் ஏறாமலே கிடப்பது தெரியாது. அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பதிவேட்டில் தேடினால்தான் அது வெளியே வரும். குறை இருந்தால் "கீழ்க்கண்டவை நீங்கலாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அந்தக் குறைப் பட்டியல் அன்று மாலைக்குள் மாஜிஸ்திரேட்டின் மேசைக்குப் போக வேண்டும்.

அறை இவ்வளவு நிரம்புவதே நம் சோம்பலால்தான். வழக்கு முடிந்தபோது போட்ட சொத்து உத்தரவை இரண்டு மாதத்துக்கு, அப்பீல் இருந்தால் அது முடியும் வரை, நிறைவேற்றக் கூடாது என்பது சட்டம். அந்த இரண்டு மாதம் கழிந்ததும் யாராவது குறிப்பு வைக்க வேண்டுமே? வைப்பதில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, கருவூலத்தில் கட்டாமலோ உரியவரிடம் கொடுக்காமலோ வைத்திருந்த நோட்டுகளோடு திண்டாடிய அலுவலகங்கள் உண்டு. வாகனம் போன்றவற்றை மக்க விடாமல் படம் எடுத்துக்கொண்டு சீக்கிரம் ஒப்படைக்கச் சொல்லி சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு நாள் கணக்கே போட்டுவிட்டது: சொத்து கோர்ட்டில் முன்னிலைப்படுத்தப்பட்ட 14 நாளுக்குள் விவரப் பட்டியல், பிறகு படம், அதற்குப் பின் 30 நாளுக்குள் என்ன செய்வது என்ற உத்தரவு. இந்தத் தேதிகளை எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு நினைவூட்டுவது உங்கள் அலுவலகத்தின் வேலை. சென்னையில் 2023இல், பிடித்த கஞ்சாவை எலி தின்றுவிட்டதாகப் போலீஸ் சொன்ன வழக்கில் இரண்டு பேர் விடுதலையானார்கள். ஊரே சிரித்தது. நம் சொத்து அறைகளிலும் எலி உண்டு என்பதால் என்னால் அவ்வளவாகச் சிரிக்க முடியவில்லை.

"டிகிரி எழுதல, அப்புறம் வாங்க"

நகல் மனு கொடுக்க வந்தவரை இப்படித் திருப்பி அனுப்புவதை முதல் நாளே நிறுத்துங்கள். தீர்ப்புச் சொன்ன 15 நாளுக்குள் டிகிரி, அதாவது தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதும் தீர்ப்பாணை, தயாராக வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். நாம் தாமதம் செய்தால் கட்சிக்காரருக்கு என்ன என்று நினைக்கலாம். அவருக்குத்தான் எல்லாமே. முன்சீப் கோர்ட் டிகிரிக்கு மேல் அப்பீல் போக 30 நாள்தான். நகல் வாங்க ஆகும் காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கழித்துக் கொடுக்கிறது. ஆனால் நகல் மனு போடுவதற்கு முன்னால் டிகிரி தயாரிக்கக் கோர்ட் எடுத்துக்கொண்ட நாள்கள் அந்தக் கழிவில் சேராது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. அதாவது, "அப்புறம் வாங்க" என்று ஊழியர் அனுப்பிய அந்த நாள்கள் கட்சிக்காரரின் கணக்கில் ஏறும். மனுவை வாங்கி எண் கொடுத்துவிட்டால் அவர் தப்பித்தார். நகலில் எழுதும் தேதிகளை, மனு போட்டது, கட்டணம் கேட்டது, கட்டியது, தயாரானது, கொடுத்தது என்று எல்லாவற்றையும், நீங்களே ஒருமுறை பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பீல் கோர்ட்டில் வக்கீல் விரல் விட்டு எண்ணுவது அந்தத் தேதிகளைத்தான்.

ஜாமீன் உத்தரவை நாளைக்கு என்று வைப்பது

கூடாது. உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அனுப்பும் முன் தகப்பனார் பெயரையும் கிரைம் நம்பரையும் பாருங்கள்.

ஏ டைரியில் ஒரு தேதி, கம்ப்யூட்டரில் ஒரு தேதி

இன்றைக்குக் கட்சிக்காரர் நோட்டீஸ் போர்டைப் பார்ப்பதில்லை, செல்போனில் இ-கோர்ட்ஸ் செயலியைப் பார்க்கிறார். கோர்ட் கம்ப்யூட்டரில் வழக்கு விவரம் பதியும் மென்பொருளான சி.ஐ.எஸ்.இல் நாம் ஏற்றுவதுதான் அவருக்குத் தெரிகிற தேதி. அன்றன்றைய வழக்குகளையும் அடுத்த தேதிகளையும் கையால் எழுதும் ஏ டைரியில் 12 என்று எழுதி, கம்ப்யூட்டரில் 21 என்று தட்டினால், 12ஆம் தேதி அவர் வரமாட்டார். வழக்கு ஒருதலைப்பட்சமாக முடியும். அதை ரத்து செய்ய மனு, எதிர்மனு என்று உங்களுக்கே கூடுதல் வழக்குக் கட்டுகள். பெஞ்ச் கிளார்க்கும் கம்ப்யூட்டரில் ஏற்றுபவரும் வீட்டுக்குப் போகும் முன் ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்த்தால் போதும். சின்ன வேலைதான். நீங்கள் பக்கத்தில் நின்றால் நடக்கும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் நின்றுபோகும்.

எல்லா வழக்குக் கட்டையும் நானே பார்க்கிறேன் என்பது

நீங்கள் லீவு போடும் அன்று தெரியும்.

மெமோவுக்கு அன்றே பதில் எழுதுவது

உங்களுக்கு வந்தாலும் சரி, உங்கள் ஊழியருக்கு வந்தாலும் சரி, கோபத்திலோ பயத்திலோ அன்று மாலையே எழுதிக் கொடுக்க வேண்டாம். கெடு எத்தனை நாள் என்று பாருங்கள். சம்பந்தப்பட்ட பதிவேடுகளைப் பார்வையிட எழுத்தில் அனுமதி கேளுங்கள். பார்த்து, தேதி வாரியாகக் குறிப்பு எடுத்த பிறகு பதிலை எழுதுங்கள். ஊழியருக்கு வந்த மெமோ என்றால், பொறுப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடச் சொன்னது நீங்கள்தானா என்பதையும் பதிலில் எழுத வேண்டியிருக்கும். அதை அவர் எழுதுமுன் நீங்களே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிடுங்கள்.