சுண்டெலியின் மூளைக்குள் எவ்வளவு ஒளி போகிறது? முதலில் அதை அளந்துகொள்ளுங்கள்

நீல ஒளி பட்டால் நியூரானைத் தூண்டும் புரதம் சானல்ரோடாப்சின்-2. அதன் மரபணுவை வைரஸ் வழியே செலுத்தி மூன்று, நான்கு வாரம் விட்டால்தான் நியூரான்களில் அந்தப் புரதம் போதுமான அளவு உருவாகியிருக்கும். அவசரப்பட்டு லேசரைப் போட்டால் ஒன்றும் நடக்காது.

மூளைக்குள் ஒளியைக் கொண்டுபோகப் பொருத்தும் ஒளியிழையின் நுனியில் எவ்வளவு ஒளி வருகிறது என்று அறுவைக்கு முன்பே அளந்து, எண் போட்டு எழுதிவையுங்கள். மண்டையில் ஒட்டியபின் அதன் நுனியை அளக்க வழியில்லை. ஒளியின் திறனை அளக்கும் பவர் மீட்டரை, லேசரின் நீல ஒளிக்குரிய 473 நானோமீட்டருக்கு மாற்றி, லேசரைத் தொடர் ஒளியில் வையுங்கள். துடிப்பாக விட்டால் மீட்டர் சராசரியைத்தான் காட்டும்: 5 மில்லிநொடித் துடிப்பு, நொடிக்கு 20 என்றால் 10 மில்லிவாட் வெறும் 1 ஆகத் தெரியும். அதை நம்பி லேசரைக் கூட்டினால் திசு சூடாகிவிடும்.

200 மைக்ரான் இழை நுனியில் 5 மில்லிவாட் என்பது சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 160 மில்லிவாட். பெரும்பாலும் இதுவே தாராளம்.

அளவு திடீரென்று சரிந்தால் லேசரைச் சந்தேகிக்காதீர்கள். ஃபெருல் (இழை முனையைப் பிடித்திருக்கும் சிறு குழல்) முகத்தில் தூசியோ, இரு ஃபெருல்களை இணைக்கும் ஸ்லீவுக்குள் இடைவெளியோ இருக்கும். ஆல்கஹால் தொட்ட, நார் உதிராத தாளால் துடைத்து, இரு முனையும் முட்டும்வரை தள்ளுங்கள்.

இணைப்பில் கசியும் நீல ஒளியை எலி கண்ணால் பார்த்தே திரும்பக்கூடும். கறுப்பு உறை போடுங்கள். சானல்ரோடாப்சின் இல்லாமல் ஒளிர்புரதம் மட்டும் ஏற்றிய எலிகளுக்கும் அதே ஒளியைக் கொடுத்து ஒப்பிடுங்கள்.